அயாலாவுக்காக அழ வேண்டாம்

உச்சத்தைத் தொடாமலே போன குத்துச்சண்டை வீரர்களைப் பற்றி ரசிகர்கள் பேச ஆரம்பித்தால் டோனி அயாலாவின் பெயர் வராமல் இருக்காது. டெக்சஸ் மாநிலத்தின் சான் அன்டோனியோ நகரத்துப் பையன், தந்தையே பயிற்சியாளர். 1982 முடிவில் அவருக்கு வயது 19. 22 போட்டிகள், 22 வெற்றிகள், அவற்றில் 19 நாக் அவுட். ஜூனியர் மிடில்வெயிட் உலகப் பட்டத்துக்காக டேவி மூருடன் மோத இருந்தார். அந்த வாய்ப்பு கடைசியில் ராபர்ட்டோ டுரானுக்குப் போனது. 1983 ஜூனில் நியூயார்க்கின் மேடிசன் ஸ்கொயர் கார்டனில் மூரை அடித்து நொறுக்கிப் பட்டத்தை எடுத்துக்கொண்டார் டுரான். அன்று அங்கே நின்றிருக்க வேண்டியவர் அயாலா என்று இன்றும் பெருமூச்சு விடுகிறவர்கள் உண்டு.

அவர் ஏன் நிற்கவில்லை? 1983 புத்தாண்டு தினத்தன்று நியூஜெர்சியின் வெஸ்ட் பேட்டர்சனில், தன் வீட்டருகே குடியிருந்த ஒரு ஆசிரியையின் வீட்டுக்குள் புகுந்து அவரைப் பாலியல் வன்கொடுமை செய்தார். நீதிமன்றம் 35 ஆண்டு சிறை விதித்தது. இதைச் சொல்லும்போது ரசிகர்களின் குரலில் ஒரு விசித்திரம் இருக்கிறது. ஏதோ முழங்கால் சவ்வு கிழிந்து ஒருவர் ஆட்டத்தைவிட்டு விலகியதைப் போலப் பேசுகிறார்கள். கெட்ட நேரமாம், ‘பேய்கள்’ அவரைத் துரத்தினவாம். அந்தப் பெண் இந்தக் கதையில் ஒரு வாக்கியத்தோடு காணாமல் போகிறார். நடக்காத ஒரு போட்டிக்காக நாற்பது ஆண்டு துக்கம். நடந்த கொடுமைக்கு ஒரு வாக்கியம். இந்தக் கணக்கு அநியாயமானது என்று தயங்காமல் சொல்கிறோம்.

யாரும் எதிர்பாராத விபத்தும் அல்ல இது. 15 வயதிலேயே சான் அன்டோனியோவில் ஒரு இளம்பெண்ணைத் தாக்கிய வழக்கில் சிக்கி, நன்னடத்தைக் கண்காணிப்போடு தப்பியவர் அயாலா. அதன் பிறகுதான் அந்த 22 வெற்றிகளும் வந்தன. அவரைச் சுற்றிப் பெரியவர்கள் பலர் இருந்தார்கள்: பயிற்சி தந்தவர்கள், போட்டி அமைத்தவர்கள், தொலைக்காட்சியில் காட்டியவர்கள். இந்தப் பையனை வளையத்துக்குள் ஏற்றுவதற்கு முன் வேறெங்காவது அழைத்துப் போக வேண்டும் என்று அவர்களில் ஒருவர் பிடிவாதமாக நின்றிருந்தால் போதும். மாறாக, அவருடைய மூர்க்கத்தையே விளம்பரமாக்கி விற்றார்கள்.

வெனிசுலாவின் எட்வின் வலேரோ விஷயம் இன்னும் மோசம். 27 போட்டிகள், 27 நாக் அவுட். முதல் 18 பேரும் முதல் சுற்றையே தாண்டவில்லை. ஹ்யூகோ சாவேஸின் உருவத்தை மார்பில் பச்சை குத்திக்கொண்ட தேசிய நாயகன். 2010 மார்ச்சில் அவர் மனைவி விலா எலும்புகள் முறிந்து, நுரையீரலில் காயத்தோடு மருத்துவமனையில் சேர்க்கப்பட்டார். மாடிப்படியில் விழுந்ததாகச் சொல்லப்பட்டது. நம்பியவர் எத்தனை பேர் என்பதைவிட, நம்புவது எத்தனை பேருக்கு வசதியாக இருந்தது என்பதே கேள்வி. ஏப்ரல் 18 அன்று வலென்சியா நகர ஓட்டல் அறையில் அந்த மனைவி கொலையுண்டு கிடந்தார். வயது 24. மறுநாள் காவல் அறையில் வலேரோ தூக்கில் தொங்கினார். உடனே எழுந்த புலம்பல் என்ன தெரியுமா? மேனி பக்கியாவோடு அவர் மோதியிருந்தால் எப்படி இருந்திருக்கும் என்பது!

திறமையை வீணடித்தவர் என்ற பெயர் உண்மையில் பொருந்துவது பஸ்டர் டக்ளஸ் போன்றவர்களுக்கு. 1990 பிப்ரவரியில், தாயைப் பறிகொடுத்து ஒரு மாதம்கூட ஆகாத நிலையில், டோக்கியோவில் மைக் டைசனை வீழ்த்தி உலகத்தையே வாய்பிளக்க வைத்தார். எட்டே மாதத்தில் உடம்பு பெருத்து, ஹோலிஃபீல்டிடம் மூன்றாம் சுற்றில் விழுந்தார். சோம்பல் என்று திட்டலாம், பரிதாபப்படலாம். நஷ்டம் அவருடையது, அதில் தீர்ப்புச் சொல்ல நமக்கு ஒன்றுமில்லை. அவரையும் அயாலாவையும் ஒரே பட்டியலில் வைப்பவர்களுக்குத்தான் சொல்ல இருக்கிறது.

வறுமையும் அடியும் கண்டு வளர்ந்த பிள்ளைகள், அவர்களை இவ்வளவு கடுமையாகப் பேசலாமா என்று கேட்பார்கள். அதே தெருக்களில் வளர்ந்து, அதே ஜிம்களில் வியர்வை சிந்தி, யார் வீட்டுக் கதவையும் உடைக்காமல் வாழ்ந்து முடித்த குத்துச்சண்டை வீரர்கள் ஆயிரக்கணக்கில். அவர்களை அவமதிக்கும் வாதம் இது.

தண்டனை முடித்தவர் மீண்டும் பிழைக்க வேண்டாமா என்ற கேள்வி மட்டும் நியாயமானது. 35 ஆண்டுத் தண்டனையில் 16 ஆண்டைச் சிறையில் கழித்து 1999-ல் வெளிவந்த அயாலாவுக்கு ஒரு வேலை தேவைதான். ஆனால் வன்முறையையே தொழிலாகக் கொண்ட மேடையும் சொந்த ஊர்க் கூட்டத்தின் கரகோஷமும் உரிமை ஆகாது. அவை தரப்படும் சலுகை. அந்தச் சலுகை தரப்பட்டது. 2000 டிசம்பரில் மறுபடியும் ஒரு பெண்ணின் வீட்டுக்குள் அத்துமீறி நுழைந்து, அவர் கையால் தோளில் குண்டடி பட்டார். அதன் பிறகும் அவருக்கு வளையம் திறந்தது. 2003-ல் சான் அன்டோனியோவிலேயே கடைசிப் போட்டியை ஆடினார்.

உரிமம் மறுக்கும் அதிகாரம் குத்துச்சண்டை ஆணையங்களுக்கு இல்லாமல் இல்லை. 2004-ல் மூளை ஸ்கேனில் பழைய விபத்தின் ரத்தக்கசிவுத் தடம் தெரிந்ததும் நியூயார்க் வலேரோவைத் தடுத்தது. பின்னர் டெக்சஸ் அவருக்கு உரிமம் தந்துவிட்டது என்பது வேறு கதை. வீரரின் மண்டைக்குள் பார்க்கத் தெரிந்தவர்கள் அவர்மீதான வழக்குகளையும் பார்க்கட்டும். பெண்கள்மீது வன்முறை நிரூபணமானவருக்கு உரிமம் கிடையாது என்று ஒவ்வொரு ஆணையமும் விதி எழுதட்டும். ஒரு மாநிலம் மறுத்தால் பக்கத்து மாநிலம் கொடுக்கும் வழக்கமும் அதோடு ஒழியட்டும்.