செம்மண் எல்லாம் ஒரே மண்ணல்ல

"யாழ்ப்பாணத்துக் கமக்காரனுக்கு மண்ணைப் பற்றி யார் படிப்பிப்பது?" என்று எம்மவரில் பலர் கேட்பதுண்டு. கேள்வியில் நியாயம் இருக்கிறது. வலிகாமத்துச் செம்மண்ணில் கிணற்று நீரை இறைத்து வெங்காயம், மிளகாய், புகையிலை என விளைவித்தவர்கள் நாம். பூவரசங் குழையையும் பனையோலையையும் மண்ணில் தாழ்த்து, பட்டி அடைத்து, பரம்பரை பரம்பரையாக அந்த மண்ணை வளர்த்தவர்கள். ஆனால் 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி ஊரை விட்டுப் புறப்பட்டபோது அந்த மண்ணை நாம் கூடக் கொண்டுவரவில்லை. பழக்கத்தை மட்டுமே கொண்டுவந்தோம். போன இடத்தில் அந்தப் பழக்கம் எமக்கு உதவியதும் உண்டு. எம்மை ஏமாற்றியதும் உண்டு.

வன்னிக்குப் போனவர்கள் அங்கும் சிவந்த மண்ணைக் கண்டு ஆறுதல் அடைந்தார்கள். நிறம் கிட்டத்தட்ட ஒன்றுதான், குணமோ வேறு. வலிகாமத்துச் செம்மண் சுண்ணாம்புக் கல்லின் மேல் கிடக்கிறது. மழைநீர் அதனூடாக விரைவாக இறங்கிக் கல்லின் வெடிப்புகளில் தேங்கி நிற்கும். அதைத்தான் கிணறு தருகிறது. வன்னியின் செங்கபில நிற மண் பழைய கரும்பாறையின் மேல் கிடக்கிறது. கொஞ்சம் தோண்டினால் பரல்கல், அதன் கீழே களி. நனைந்தால் காலில் ஒட்டும். காய்ந்தால் மண்வெட்டி துள்ளும். உழுவதற்கு ஏற்ற ஈரம் சில நாட்களே நிற்கும். பெருமழை முழுவதும் மண்ணுள் இறங்காமல், மேல்மண்ணையும் அள்ளிக்கொண்டு பள்ளத்துக்கு ஓடும். ஓடும் அந்த நீரை மறித்து வைக்கத்தான் முன்னோர் குளங்களைக் கட்டினார்கள்.

யாழ்ப்பாணத்துத் தோட்டக்காரனின் வாழ்வு கிணற்றைச் சுற்றியது. வன்னிக் கமக்காரனின் வாழ்வு குளத்தைச் சுற்றியது. இதை அறியாமல் சரிவுக் காணியை ஒரு மரமும் விடாமல் வெளியாக்கியவரும், நீர் தேங்கும் பள்ளத்தில் மிளகாய்க் கன்று நட்டவரும் ஒரு போகத்தை இழப்பார்கள். நிவாரணத்தில் வாழும் குடும்பத்துக்கு ஒரு போகம் போவது என்றால் கடன் ஏறுவது. ஈட்டுக்கு வைத்த நகை மூழ்குவது.

ஆகவே, காணி கிடைத்ததும் முதல் வேலை காடு வெட்டுவதல்ல. காணியை நடந்து படிப்பது என்பதே எமது கருத்து. இதற்கு ஆய்வுகூடம் தேவையில்லை. ஒரு மண்வெட்டி, ஓர் அலவாங்கு, ஒரு வாளி தண்ணீர், அந்த ஊரில் பிறந்து வளர்ந்த ஒரு பெரியவர் போதும். ஒரேயொரு நிபந்தனை: கண்ணிவெடி அகற்றப்பட்டது என அத்தாட்சி தரப்பட்ட காணியில் மட்டுமே கால் வைக்கவும் தோண்டவும் வேண்டும்.

நாலைந்து குடும்பங்கள் ஒன்றாகச் சேர்ந்து மேட்டிலிருந்து பள்ளம்வரை நடவுங்கள். மேட்டிலும் சரிவிலும் பள்ளத்திலும் மூன்றடி ஆழத்தில் ஒவ்வொரு குழி வெட்டுங்கள். பரல் எங்கே தொடங்குகிறது, வேர் எதுவரை போயிருக்கிறது என்று பாருங்கள். அடிமண் சாம்பல் நிறமாய், துருப்பிடித்தது போன்ற புள்ளிகளோடு இருந்தால் அங்கே மாரியில் நீர் நிற்கும் என்று கொள்ளலாம். அது நெல்லுக்கு உரிய இடம். மண்ணை நனைத்து உள்ளங்கையில் திரட்டுங்கள். திரளாமல் உதிர்ந்தால் மணல். நீண்ட திரியாக உருண்டால் களி. இரண்டுக்கும் நடுவில் நின்றால் இருவாட்டி. குழியில் நீர் ஊற்றி அது வற்ற எவ்வளவு நேரம் செல்கிறது என்று கவனியுங்கள். செடிகளையும் பாருங்கள். கோரை மண்டினால் அங்கே ஈரம் தங்கும். உமரி முளைத்தால் உவர் இருக்கிறது.

பிறகு அயலவரிடம் கேளுங்கள். ஆவணியில் எந்தக் கிணறு வற்றும்? பெருவெள்ளம் எந்த மரம்வரை வந்தது? பெண்களிடம் கட்டாயம் கேளுங்கள். எந்தக் கிணற்று நீர் எந்த மாதத்தில் சவராகும் என்பது தண்ணீர் அள்ளுபவர்களுக்குத்தான் தெரியும். அறிந்ததை எல்லாம் ஒரு தாளில் படமாக வரைந்து வையுங்கள். வரையும் வேலையைப் பிள்ளைகளிடம் கொடுங்கள்.

"பசித்தவனுக்கு இதற்கெல்லாம் நேரம் ஏது?" என்று சிலர் கேட்பார்கள். நடந்து பார்க்க இரண்டு நாள் போதும். பிழையான இடத்தில் வெட்டிய கிணற்றை மீண்டும் மூடப் பல நாள் ஆகும். போன பணமோ திரும்பாது.

ஊருக்குத் திரும்புவோருக்கும் இது பொருந்தும். 1990 இல் வலிகாமம் வடக்கை விட்டு வெளியேறியவர்களின் காணிகளில் ஒரு பகுதி, 2009 இல் போர் முடிந்த பின் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டது. பல இடங்களில் வேலியும் இல்லை, எல்லையும் இல்லை. எந்தத் துண்டில் கல் மேலே நிற்கிறது, எந்தத் துண்டில் மண் ஆழம் என்பதை அறிந்தவர்கள் இன்று முதியோர். முகாமில் பிறந்த பிள்ளைக்கு அது தெரியாது. பெரியவர்கள் நடக்கக் கூடிய காலத்திலேயே பேரப்பிள்ளைகளோடு அந்தக் காணியைச் சுற்றிவர வேண்டும். காணி உறுதியின் பிரதியைக் கந்தோரில் தேடி எடுக்கலாம். இந்த அறிவுக்குப் பிரதி இல்லை.

உதவி செய்யும் நிறுவனங்களுக்கும் ஒரு வார்த்தை. மேட்டுக்கும் பள்ளத்துக்கும் ஒரே விதைப்பொதியைக் கொடுத்துவிட்டு, விளையவில்லை என்று மக்களைக் குறை சொல்வது முறையல்ல. விதை கொடுக்கும் முன் மக்களோடு வயலில் இறங்குங்கள். விவசாயப் போதனாசிரியரையும் அழைத்து வாருங்கள். மண் மாதிரியை அனுப்பிப் பரிசோதிக்க அவர் வழி காட்டுவார்.

நாம் எம் மண்ணை இழந்தோம். மண்ணைப் படிக்கும் பழக்கத்தை இழக்கவில்லை. வலிகாமத்தில் எங்கள் பாட்டன்மார் செய்ததும் இதுவே. அவர்கள் கண்டுபிடித்த முடிவுகளை அப்படியே வன்னிக்குத் தூக்கிச் செல்லாமல், அவர்கள் கண்டுபிடித்த முறையைக் கொண்டு செல்வோம். வரும் காலபோக மழைக்கு முன் முதல் குழியை வெட்டுங்கள்.