ஈச்சிலம்பற்றுக்கு வாருங்கள், விலைபேச வாராதீர்கள்!

கொழும்பில் நெடுங்காலமாக மருத்துவத் தொழில் புரிந்துவரும் அன்பர் ஒருவர் அண்மையில் எம்மிடம் ஒரு யோசனை கேட்டார். "விடுமுறைக்குக் குடும்பத்தோடு எங்கே போகலாம்? காலி, பெந்தோட்டை, நுவரெலியா எல்லாம் பார்த்தாயிற்று" என்றார். "ஈச்சிலம்பற்றுக்குப் போங்கள்" என்றோம். அவர் எம்மை வியப்போடு நோக்கி, "அங்கே என்ன இருக்கிறது?" என்று வினவினார்.

அந்த வினாவில் ஏளனம் இல்லை; அறியாமையே இருந்தது. ஆயினும் அஃது எம் நெஞ்சிற் தைத்தது. திருகோணமலை மாவட்டத்தின் தென்கோடியில், கடலுக்கும் ஆற்றுக்கும் இடையே கிடக்கும் தொன்மையான தமிழ் நிலம் ஒன்றைப் பற்றி, படித்த தமிழர் ஒருவர் "என்ன இருக்கிறது?" என்று கேட்கும் நிலையில் நாம் இருக்கிறோம். நாம் அறியாத நிலத்தைப் பிறர் நன்கு அறிந்து வைத்திருப்பர். அறிந்தவர் கைக்கே நிலம் போய்ச் சேரும். ஆதலின் இவ்வினாவுக்கு விடை கூறுவது நம் கடமையாகிறது.

திருகோணமலைப் பிரதேசம் முன்னாளில் திருகோணமலைப்பற்று, கட்டுக்குளப்பற்று, தம்பலகாமப்பற்று, கொட்டியாரப்பற்று என நான்காக வகுக்கப்பட்டிருந்தது. கொட்டியாரக் குடாவுக்குத் தெற்கே விரியும் நிலத்தின் கடைப்பகுதியே ஈச்சிலம்பற்று. இன்று வெருகல் பிரதேச செயலகத்தின் ஆட்சியில் அமைந்திருக்கிறது. ஈச்சிலம்பற்று, பூநகர், மாவடிச்சேனை, இலங்கைத்துறை, இலங்கைத்துறை முகத்துவாரம், வெருகல் முகத்துவாரம் என ஊர்களின் பெயரைச் சொன்னாலே சேனையும் துறையும் முகத்துவாரமும் கண்முன் தோன்றும். கிழக்கே வங்கக் கடல். மேற்கே வயலும் காடும். தெற்கே மாவலி கங்கையின் கிளையாகிய வெருகல் ஆறு. அந்த ஆற்றைக் கடந்தால் மட்டக்களப்பு மாவட்டம்.

முன்னொரு காலத்தில் திருகோணமலையிலிருந்து இவ்வூர்களுக்குச் செல்வது ஒரு தவம். துறைக்குத் துறை இறங்கி, "பாதை" எனப்படும் மிதவையில் ஏறி, ஆற்றையும் களப்பையும் கடந்து செல்லவேண்டும். மழைக்காலத்தில் வெள்ளம் வந்தால் நோயாளியும் கர்ப்பிணியும் கரையிலேயே காத்துக் கிடக்கவேண்டும். 2009ஆம் ஆண்டில் கிண்ணியாப் பாலம் திறக்கப்பட்டது. அதனைத் தொடர்ந்து திருகோணமலை - மட்டக்களப்பு நெடுஞ்சாலையில் வெருகல் உட்பட மற்றத் துறைகளுக்கும் பாலங்கள் வந்தன. இன்று மூதூர், கிளிவெட்டி வழியாகத் தங்குதடையின்றி வெருகலை அடையலாம். பாலம் வந்தது பெரும் நன்மை. ஆனால் பாலத்தின்மேல் மருத்துவரும் வருவர்; நிலத் தரகரும் வருவர் என்பதை நாம் மறத்தலாகாது.

வரலாறு கேட்கிறீர்களா? இக்குடாவின் கரையில் 1620இல் டென்மார்க்கு நாட்டவர் வந்திறங்கினர். 1672இல் பிரெஞ்சுக் கடற்படை வந்தது. போர்த்துக்கேயரும் ஒல்லாந்தரும் இதன்பொருட்டுப் போட்டியிட்டனர். 1660இல் புயலில் பாய்மரம் இழந்து, பழுதுபார்க்கக் கொட்டியாரத்தில் ஒதுங்கிய ஆங்கிலக் கப்பலிலிருந்து கண்டி மன்னன் படையினரால் சிறைபிடிக்கப்பட்டவருள் ஒருவரே றொபேட் நொக்ஸ் என்னும் இளைஞர். பத்தொன்பது ஆண்டுகளுக்கு மேல் மலைநாட்டில் சிறைவாழ்வு வாழ்ந்து, 1679இல் தப்பி, 1681இல் அவர் இலண்டனில் வெளியிட்ட இலங்கை வரலாற்று நூலை உலகமே படித்தது. அந்த நூலுக்கு வித்து விழுந்தது இக்கரையில்.

இவை யாவும் வந்து போனவர் கதை. இருந்தவர் கதை வெருகலில் இருக்கிறது. ஆற்றங்கரையில் வீற்றிருக்கும் சித்திரவேலாயுத சுவாமி கோயில் கிழக்கிலங்கை மக்களின் நெஞ்சில் நிறைந்த திருத்தலம். தம்பலகாமத்து வீரக்கோன் முதலியார் இத்தலத்து முருகன்மீது "வெருகல் சித்திரவேலாயுதர் காதல்" என்னும் பிரபந்தத்தைப் பாடினார். வடக்கே செல்வச்சந்நிதியிலிருந்து கதிர்காமத்துக்குக் கால்நடையாகச் செல்லும் அடியார் கூட்டம் இவ்வாற்றங்கரையில் தங்கிச் செல்வது வழக்கம். ஆவணித் திருவிழாக் காலத்தில் மூதூரிலிருந்தும் மட்டக்களப்பிலிருந்தும் மக்கள் வெள்ளமெனத் திரள்வர். கடலோர வேடர் வழிவந்த குடும்பங்களும் இப்பகுதியில் வாழ்கின்றன. ஆற்றுநீரும் கடல்நீரும் கலக்கும் இம்மண்ணில் மரபுகளும் கலந்தே வாழ்ந்திருக்கின்றன.

கடற்கரையைப் பற்றி என் சொல்வது? மாரி ஓய்ந்து சித்திரை பிறந்தால், ஆவணி புரட்டாசிவரை கடல் அடங்கிக் கிடக்கும். மணலில் கரைவலை இழுப்பவர் குரல் கேட்கும். களப்பில் தோணி மெல்ல நகரும். எருமைத் தயிரும் தேனும் கச்சானும் சோளமும் அந்தந்தக் காலத்தில் வழியோரத்திலேயே கிடைக்கும். பெரும் விடுதிகளை அங்கே தேடாதீர்கள், அவசரத்தையும் தேடாதீர்கள். நகரத்தில் நாம் தொலைத்த பொழுது அங்கே இன்னும் தொலையாமல் இருக்கிறது.

ஆயினும் இந்த அமைதியைக் கண்டு மயங்கிவிடலாகாது. இது துன்பமறியா மண்ணின் அமைதியன்று. 2004 டிசம்பர் 26ஆம் நாள் ஆழிப்பேரலை இக்கரையைத் தாக்கியது. 2006 ஜூலையில் மாவிலாற்று மதகு மூடப்பட்டதும், அதனை முன்னிட்டுப் பெரும்போர் மூண்டதும் உலகறிந்தவை. அன்று ஈச்சிலம்பற்று மக்கள் உடுத்த துணியோடு வாகரைக்கும், அங்கிருந்து மட்டக்களப்புக்கும் ஓடினர். 2007ஆம் ஆண்டிலிருந்து மீண்டு வந்து, இடிந்த சுவரின்மேல் மீண்டும் கூரை வேய்ந்தனர். 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயலின் பெருமழையில் மாவிலாற்று அணைக்கட்டு உடைப்பெடுத்தபோது, வெள்ளம் மறுபடியும் இவர்கள் வாசலுக்கு வந்தது. அலையும் போரும் வெள்ளமும் துரத்திய பின்னும் இம்மண்ணை விடாது பற்றிநிற்கும் மக்கள் இவர்கள். இப்பொழுது இவர்களைப் பணம் துரத்துமா என்பதே எம் கேள்வி.

உல்லாசப் பயணத்தைப் பற்றி நம்மிடையே இரண்டு கட்சிகள் உண்டு. ஒரு கட்சியினர், "பிரயாணிகள் வேண்டவே வேண்டாம், அவர்கள் வந்தால் பண்பாடு கெடும்" என்பர். மற்றொரு கட்சியினர், "பெரிய முதலாளிகள் வந்து பெரிய விடுதிகளைக் கட்டட்டும், நம் பிள்ளைகளுக்கு வேலை கிடைக்கும்" என்பர். இருதிறத்தாரும் ஊராரைக் கேட்டுப் பேசியதாகத் தெரியவில்லை.

முதற் கட்சியினருக்கு ஒன்று கூறுவோம். விருந்தினரை வரவேற்பது ஈச்சிலம்பற்றுக்குப் புதிதன்று. கதிர்காம யாத்திரிகருக்கு அன்னமிட்டு, திண்ணையில் பாய்விரித்து உபசரித்த ஊர்கள் இவை. விருந்தோம்பலால் ஒரு பண்பாடு கெட்டதென எந்த வரலாறும் கூறவில்லை. விருந்தினன் வீட்டுக்காரனாகவும், வீட்டுக்காரன் வேலைக்காரனாகவும் மாறும்போதே கேடு விளைகிறது.

மற்றக் கட்சியினருக்கும் ஒன்று கூறுவோம். ஆழிப்பேரலைக்குப் பின்னர் 2005இல் அரசினர் ஒரு தடை விதித்தனர். வடக்கிலும் கிழக்கிலும் கரையிலிருந்து 200 மீற்றருக்குள் எவரும் வீடு கட்டலாகாது என்றனர். தெற்கில் அது 100 மீற்றராக இருந்தது. ஆனால் உல்லாச விடுதிகளுக்கோ விலக்கு அளிக்கப்பட்டது. மீனவன் குடிசைக்கு ஆபத்தான கரை, விடுதியின் மாடிக்கு மட்டும் எவ்வாறு ஆபத்தற்றதாயிற்று? எதிர்ப்பு வலுக்கவே, பின்னர் அத்தடை தளர்த்தப்பட்டது. இதற்கு அண்மையில் உள்ள பாசிக்குடாவையும் நோக்குங்கள். 2009இல் போர் ஓய்ந்தபின் அங்கே விடுதிகள் வரிசையாக எழுந்தன. வேலை சிலருக்குக் கிடைத்தது உண்மை. ஆனால் தலைமுறை தலைமுறையாகத் தோணி இழுத்த கரையில் தமக்கு இடம் குறுகிவிட்டதென மீனவர் முறையிட்டதும் உண்மை. நிலத்தை விற்று அதே நிலத்தில் கூலியாவது முன்னேற்றம் ஆகாது.

இவ்விரண்டுக்கும் நடுவே ஒரு வழி இல்லையா? இருக்கிறது. கேரளத்தில் கொச்சிக்கு அருகே கும்பளங்கி என்றொரு மீனவர் ஊர் உண்டு. அங்கே விருந்தினர் ஊரார் வீடுகளில் தங்குகின்றனர். ஊரார் சமைத்ததை உண்கின்றனர். வலை வீசுவதைக் காண்கின்றனர். நிலமும் வீடும் ஊராருடையவை. வருவாயும் ஊராரைச் சேர்கிறது. நம் நாட்டிலும் அறுகம்பையில் சிறுசிறு விடுதிகளை ஊரவரே நடத்தி, உலகெங்கும் உள்ள அலைச்சறுக்கு வீரரை வரவழைத்துள்ளனர். கும்பளங்கியில் இயன்றது வெருகலில் இயலாதா?

இயலும், ஆனால் அதற்கு மூன்று திறத்தார் மூன்று கடமைகளைச் செய்தல் வேண்டும்.

முதலாவது, கமக்காரப் பெருமக்களும் கரைவலைத் தொழிலாளரும். உங்கள் காணிப் பத்திரங்களை இன்றே எடுத்துப் பாருங்கள். அலையிலும் போரிலும் அவை தொலைந்திருந்தால் பிரதேச செயலகத்தில் பிரதி கேட்டு எழுதுங்கள். 1935ஆம் ஆண்டின் காணி அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தின்கீழ் வழங்கப்பட்ட அனுமதிப்பத்திரக் காணியை, அரச அதிகாரியின் எழுத்துமூலமான சம்மதம் இன்றி எவருக்கும் கைமாற்ற முடியாது. "கையொப்பம் வையுங்கள், மிகுதியை நான் பார்த்துக்கொள்கிறேன்" என்று வரும் தரகரை வாசலோடு அனுப்பிவிடுங்கள். உங்களுக்குப் பின் காணி யாருக்கு என்பதையும் முறைப்படி பதிந்து வையுங்கள். பதியாத உரிமை கரையில் எழுதிய எழுத்து.

இரண்டாவது, தொழில்புரியும் கற்றோர். சட்டத்தரணிகளே, ஆண்டில் ஓரிரு நாள் வெருகலுக்கு வந்து, ஒரு பாடசாலை மண்டபத்தில் அமர்ந்து, காணிப் பத்திரங்களை இலவசமாகப் பார்த்துக் கொடுங்கள். 1981ஆம் ஆண்டின் கரையோரப் பாதுகாப்புச் சட்டப்படி, உயர்நீர்க் கோட்டிலிருந்து நிலப்புறமாக 300 மீற்றர்வரை கரையோர வலயம். அங்கே கட்டுமானத்துக்கு அனுமதி வேண்டும். இதனைக் கிராமத்தவருக்கு விளக்கிக் கூறுங்கள். பொறியியலாளர்களே, வெள்ளம் வந்தாலும் நிலைக்கும் சிறு விருந்தில்லம் எப்படி அமையவேண்டும் என்று வரைந்து கொடுங்கள். ஆசிரியர்களே, ஊர்ப் பெரியோரின் நினைவுகளை எழுதி வையுங்கள். மருத்துவ அன்பரே, நீர் குடும்பத்தோடு வாரும். வந்தால் தயிரையும் தேனையும் பேரம் பேசாமல் வாங்கும். அது நீர் செய்யும் முதல் உதவி.

மூன்றாவது, அரசினரும் கூட்டுறவுத் துறையினரும். ஒரு பெரும் விடுதிக்குக் கொடுக்கும் வரிச்சலுகையில் ஒரு பங்கை, ஐம்பது வீடுகளில் ஒவ்வோர் அறை கட்டக் கடனாகக் கொடுங்கள். கூட்டுறவுச் சங்கமே முன்பதிவையும் கணக்கையும் பார்க்கட்டும். கரையில் தோணி இறங்கும் துறைகளை அளந்து, அவை மீனவருக்கே உரியவை என எல்லைக்கல் நடுங்கள்.

இன்னும் ஒன்று உண்டு. அதனைச் சொல்லாது விட்டால் எழுதுகோல் எம்மை மன்னியாது. இலங்கைத்துறை முகத்துவாரத்துக் குன்றில் இன்று சமுத்திரகிரி விகாரை நிற்கிறது. கலிங்கத்திலிருந்து தந்ததாது வந்திறங்கிய "லங்காபட்டுன" இதுவே என்பது பௌத்த மக்களின் நம்பிக்கை. அக்குன்றில் தம் முன்னோர் முருகனை வழிபட்டனர் என்பது தமிழ் மக்களின் கூற்று. "பட்டுன" என்றாலும் பட்டினமே. "துறை" என்றாலும் கப்பல் அடையும் இடமே. இரு மொழியும் ஒரே இடத்தை ஒரே பொருளில் அழைத்திருக்கின்றன. அங்ஙனமிருக்க, வழிகாட்டிப் பலகையில் ஒரு பெயர் இருந்து மற்றது மறைவானேன்? வரும் பயணி இரு பெயரையும் படிக்கட்டும். இரு கதையையும் கேட்கட்டும். ஒரு கதையை அழித்து மறு கதையைக் காட்டுவது வரலாறும் ஆகாது, அறமும் ஆகாது. ஒரு பெயர் மறையும்போது முதலில் அழிவது அப்பெயரால் அந்நிலத்தை அழைத்தவரின் உரிமை என்பதைக் கிழக்கிலங்கைத் தமிழர் நன்கு அறிவர்.

"பற்று" என்னும் சொல்லுக்குத் தமிழில் நிலப்பிரிவு என்றும் பொருள். அன்பு என்றும் பொருள். கைவிடாது பிடித்தல் என்றும் பொருள். ஈச்சிலம்பற்று மக்கள் மூன்றாம் பொருளை அலையிலும் அனலிலும் நிலைநாட்டிக் காட்டிவிட்டனர். எஞ்சிய தமிழர் இரண்டாம் பொருளையேனும் காட்டவேண்டாமா?

ஆகவே வாருங்கள். வெருகலாற்றில் நீராடுங்கள், கோயில் வாசலில் சற்று அமருங்கள், கரைவலையை ஒரு கை பிடித்து இழுங்கள், ஊரவர் இடும் சோற்றை உண்ணுங்கள். திரும்பிச் செல்கையில் யாரேனும் "அங்கே என்ன இருக்கிறது?" என்று கேட்டால், "நம்மவர் இருக்கின்றனர்" என்று விடை கூறுங்கள். விலைபேசும் எண்ணம் இருந்தால் மட்டும், அன்புகூர்ந்து, கிண்ணியாப் பாலத்தோடு திரும்பிவிடுங்கள்.