ஆயாவின் மயை

மல்லாட்டை பிடுங்கும் நாளில் வானம் கறுத்துவிட்டால் என் ஆயா வாசலில் நின்று குரல் கொடுக்கும்: “மயை வருது, கோயியப் புடிச்சி கூடையப் போட்டுக் கவுத்துடி!” திண்டிவனத்துக்கும் மயிலத்துக்கும் நடுவில் இருக்கிறது எங்கள் ஊர். பாட்டியை ஆயா என்போம். மழை எங்களுக்கு மயை, பொழுது பொயுது, ஏழு ஏயு. அந்த வீட்டில் ழகரம் சொன்னவர் ஒருவரும் இல்லை.

ஐந்தாம் வகுப்பில் பாடம் வாசிக்க எழுந்து ‘வாயப்பயம்’ என்றேன். ஆசிரியர் என்னைப் பெஞ்சின்மேல் ஏற்றி, வாழைப்பழம் என்று ஐம்பது முறை சொல்ல வைத்தார். ஐம்பது முறையும் வாயப்பயமே வந்தது. வகுப்பு முழுக்கச் சிரித்தது. அந்த ஒலிக்கு நாக்கை எங்கே வைக்க வேண்டும் என்று மட்டும் அவர் ஒரு முறைகூடச் சொல்லவில்லை.

அதைச் சொன்னவர் தொல்காப்பியர். புலவர் படிப்பில் எழுத்ததிகாரத்தின் பிறப்பியல் பாடமாக வந்தது. ஒவ்வோர் எழுத்துக்கும் நாக்கு எங்கே போகிறது, எதைத் தொடுகிறது என்று அதில் வரிசையாக இருக்கிறது. ழகரத்துக்கு நாக்கின் நுனி மேல்நோக்கி வளைந்து அண்ணத்தை வருட வேண்டும். அன்றிரவே விடுதியில் கைக்கண்ணாடியை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். ‘ஆ’ என்று குரலை நீட்டி, நிறுத்தாமல், நுனியை மெல்லப் பின்னுக்கு மடக்கிப் பார்த்தேன். மேலே ஒட்டினால் ளகரம் ஆகிவிடுகிறது. ஒட்டாமல் மூச்சைப் போகவிட்டால் அந்த ‘ஆ’ தானாகவே ‘ஆழ்’ என்று முடிகிறது. விழுப்புரம் என்ற பெயரை நான் முதன்முதலில் ஒழுங்காகச் சொன்னபோது எனக்கு வயது 19.

பிறகு 31 ஆண்டுகள் தமிழாசிரியையாக இருந்தேன். ஆறாம் வகுப்புக்கு வரும் பிள்ளைகளிடம் இதே கண்ணாடியைக் கொடுப்பேன், இதே ‘ஆ’வை நீட்டச் சொல்வேன். ஒரு வாரத்தில் ழகரம் வராத பிள்ளை அபூர்வம். நாக்குத் தடிப்பு, சாதி, ஊர் என்று காரணம் சொல்கிறவர்கள் ஒரு நாளாவது இதைச் செய்து பார்த்திருப்பார்களா?

வீட்டில் சொல்லும் யகரத்தைத் தப்பு என்று நான் ஒருபோதும் சொன்னதில்லை. ழகரம் வழுக்கும் எழுத்து, ஊருக்கு ஊர் வேறொன்றாகிவிடும். நம் கோழி தெலுங்கில் கோடி, கன்னடத்தில் கோளி. மதுரையிலும் யாழ்ப்பாணத்திலும் பழம் பளம் ஆகிறது. சோழமண்டலம் ஐரோப்பியர் வாயில் கோரமண்டல் ஆனது, அதில் ழகரம் ரகரமாய்ப் போயிற்று. எங்கள் பக்கத்தில், செங்கல்பட்டையும் தாண்டிச் சென்னை வரைக்கும், அது யகரமாயிற்று. தெற்கத்திப் பளத்தை வட்டார வழக்கு என்பவர்கள் எங்கள் பயத்தைச் சேரிப் பேச்சு என்கிறார்கள். சினிமாவில் அது சிரிப்புக்கு ஆகிறது. சூளையில் கல் அறுக்கிறவர்களும் அண்டைக் கழனியில் கூலிக்குப் போகிறவர்களும் பேசுவதால்தான் இந்த ஏளனம். அதற்கும் நாக்குக்கும் சம்பந்தமில்லை.

ஊர்ப்பெயர்ப் பலகையை மாற்றினாலும் ஒலி வந்துவிடாது. விழுப்புரத்தை ரயில்வே ஆங்கிலத்தில் இரண்டு ‘எல்’ போட்டு வில்லுபுரம் என்று எழுதுகிறது. மாவட்ட நிர்வாகம் ஒரு ‘எல்’லும் இரண்டு ‘பி’யும் போடுகிறது. இரண்டிலும் ழகரம் இல்லை. 2020 ஜூனில் 1,018 ஊர்ப்பெயர்களின் ஆங்கில எழுத்துகளைத் தமிழ் உச்சரிப்புக்கு ஏற்ப மாற்றி அரசாணை வந்தது, சில நாட்களிலேயே திரும்பப் பெறப்பட்டது. எனக்கு அதில் வருத்தமில்லை. ‘இசட் எச்’ போட்டு எழுதியும் கனிமொழியை வடக்கே கனிமொஜி என்றுதானே வாசிக்கிறார்கள்? ஒலியைக் காதில் கேட்டால்தான் நாக்கு அதைப் பிடிக்கும்.

இதை நன்றாக உணர்ந்திருப்பவர்கள் வட அமெரிக்கப் பேரேரிகளைச் சுற்றி வாழும் ஒஜிப்வே மக்கள். அவர்களுடைய பிள்ளைகளை உறைவிடப் பள்ளிகளில் அடைத்து, தாய்மொழி பேசினால் தண்டித்தார்கள். அந்தப் பிள்ளைகளின் வழிவந்தவர்கள் பலர் வளர்ந்த பிறகு அந்த மொழியின் ஒலிகளை ஒவ்வொன்றாகப் பழகிக்கொண்டிருக்கிறார்கள். மின்னசோட்டா பல்கலைக்கழகம் இணையத்தில் வைத்திருக்கும் ஒஜிப்வே அகராதியில் சொல்லைத் தொட்டால் அதைப் பேசி வளர்ந்த பெரியவர்களின் குரல் கேட்கும். என் பேத்தி கைப்பேசியில் போட்டுக் காட்டினாள். நம்மைப் போலவே அவர்களுக்கும் குறில், நெடில் உண்டு. நெடிலுக்குப் பெரும்பாலும் எழுத்தை இரட்டித்து எழுதுகிறார்கள். ஓநாய்க்கு அவர்கள் சொல்வதை நானும் சொல்லிப் பார்த்தேன். ‘ம’ என்று தொடங்கி, தொண்டையை ஒரு கணம் மூடித் திறந்து, ‘ஈங்கன்’ என்று முடிக்க வேண்டும். அந்த மூடித் திறத்தல் நம் நெடுங்கணக்கில் இல்லை. எழுதிக் கொடுத்திருந்தால் எனக்கு ஒருநாளும் வந்திருக்காது. ஒரு கிழவியின் குரலை நாலைந்து முறை கேட்ட பிறகு ஓரளவு வந்தது.

நம் பத்தாம் வகுப்புத் தமிழ்த் தாளின் 100 மதிப்பெண்ணும் எழுத்துக்கே, வாய்க்கு ஒன்றும் இல்லை. அதனால் வகுப்பிலும் வாய்க்கு நேரம் இல்லை. ஆசிரியர் பயிற்சியில் பிறப்பியலை மனப்பாடச் சூத்திரமாக முடித்துவிடாமல் கண்ணாடியோடு செய்து காட்டச் சொல்லுங்கள். ஆறாம் வகுப்பில் வாரம் ஒரு பாடவேளை ஒலிப்புக்குக் கொடுங்கள். வாயப்பயம் என்று வாசிக்கும் பிள்ளையிடம், “வீட்டில் அப்படியே பேசு, இங்கே இன்னோர் ஒலியும் கற்றுக்கொள்” என்று சொல்லுங்கள். இரண்டையும் வைத்துக்கொள்ள ஒரு நாக்கில் இடம் இருக்கிறது. என் நாக்கில் இன்றும் இரண்டும் இருக்கின்றன.

என் ஆயாவின் குரல் எந்த ஒலிநாடாவிலும் இல்லை. உங்கள் வீட்டில் ஆயா இருந்தால் இந்த வாரமே கைப்பேசியை எடுத்துப் பக்கத்தில் உட்காருங்கள். நடவு, அறுப்பு, கோழி, குழம்பு என்று எதையாவது பேசட்டும், பதிந்து வையுங்கள். மயையை மயை என்றே சொல்லட்டும், திருத்தாதீர்கள்.