விரிசலுக்கும் கணக்கு உண்டு

இலங்கையின் உமா ஓயா நீர்மின் திட்டச் சுரங்கத்துக்குள் 2014 டிசம்பரில் நீர் பீறிட்டது. மேலே கிணறுகள் வற்றின, வீடுகளில் வெடிப்பு விழுந்தது. 2017 ஜூனில் பண்டாரவளை மக்கள் வீதிக்கு இறங்கினார்கள். 2024 ஏப்ரலில் ஈரான் ஜனாதிபதி ரைசி வந்து 120 மெகாவாட் திட்டத்தைத் திறந்துவைத்தார். விழா முடிந்தது. சுவர் வெடித்தது வெடித்தபடிதான்.

நிலத்தடி நீர் இறங்கினால் மண் அமரும், அத்திவாரம் ஒரு பக்கம் தாழும். வெள்ளைக்காரன் காலத்துத் தோட்ட லயத்தில் எது பழைய வெடிப்பு, எது சுரங்கம் தந்தது என்று பார்வையால் மட்டும் தீர்ப்புச் சொல்ல முடியாது. வெடிப்பின் குறுக்கே சீமெந்தால் ஒரு கண்ணாடித் துண்டை ஒட்டித் திகதி எழுதிவைப்பது முதற்படி. கண்ணாடி உடைந்தால் சுவர் இன்னும் நகர்கிறது. செலவென்று சொல்ல ஒன்றுமில்லை.

பொறியியலாளர் சொன்னபின் தோட்டத்து ஆளுக்கு என்ன கேள்வி என்பார்கள். ஆனால் கேள்வி கேட்கப் பொறியியலாளராக இருக்கத் தேவையில்லை. நியூயோர்க்கில் 2001 செப்டெம்பர் 11 விமானத் தாக்குதல் நாளன்று சரிந்த உலக வர்த்தக மையத்தின் ஏழாம் இலக்கக் கட்டடம் பற்றிய 2008 அரச வரைவறிக்கையின் வீழ்ச்சிக் கணக்கை ஒரு பௌதிகவியல் ஆசிரியர் கேள்வி கேட்டார். இறுதி அறிக்கை 2.25 விநாடி தடையற்ற வீழ்ச்சியை ஒப்புக்கொண்டது. தீயே காரணம் என்ற முடிவு மாறவில்லை, கணக்கு திருந்தியது.

உமா ஓயாவிலோ கேள்வி கேட்பதற்கான கணக்கே மக்கள் கையில் இல்லை. நீர்மட்டப் பதிவுகளும் வீடுவாரியான சேத மதிப்பீடும் தமிழிலும் சிங்களத்திலும் பிரதேச செயலகச் சுவரில் தொங்கட்டும். அவற்றைக் கேட்டுப் பெற 2016 இன் தகவலறியும் உரிமைச் சட்டம் இருக்கிறது. விண்ணப்பம் எழுத, தோட்டப் பாடசாலை ஆசிரியர்கள் கைகொடுக்கலாம்.