மகளுக்குச் சடை பின்னுவது ஆணுக்கு இழுக்கா?



எங்கள் மக்தபில் ஓதும் எட்டு வயதுச் சிறுமி ஒருத்தி சென்ற மாதம் மூன்று நாள் வரவில்லை. நான்காம் நாள் வந்தவள், முக்காட்டை நெற்றிவரை இழுத்து, தாடைக்குக் கீழே ஊசி குத்தி இறுக்கிக்கொண்டு மூலையில் அமர்ந்தாள். பிள்ளைகள் கிசுகிசுத்த பிறகுதான் எனக்கு விஷயம் விளங்கியது. இடுப்புவரை இருந்த அவளது முடியை அவளுடைய அத்தா சலூனுக்கு அழைத்துச் சென்று, ஆண்பிள்ளைக்கு வெட்டுவதுபோல் ஒட்ட வெட்டிவிட்டார். அவளுடைய தாயார் மவுத்தாகி நான்கு மாதங்கள் ஆகின்றன.

அஸருக்குப் பின் அவரிடம் கேட்டேன். "பின்னிவிட ஆளில்லை ஹஜ்ரத். பள்ளிக்கூடத்துல ரெட்டைச் சடை போட்டு ரிப்பன் கட்டலைன்னா வெளியில நிறுத்துறாங்க. பக்கத்து வீட்டுல எத்தனை நாளைக்குப் போய் நிக்கிறது?" என்றார். அவர் மீது எனக்குக் கோபம் இல்லை. என் கோபமெல்லாம் அருகில் நின்று இதைக் கேட்ட பெரியவர் இருவர் மீதுதான். ஒருவர் சிரித்தார். "ஆம்பளை சீப்பைத் தூக்கிக்கிட்டு உக்கார முடியுமா?" என்றார். மற்றவர், "சீக்கிரம் ஒரு நிக்காஹ்வைப் பாருங்க, எல்லாம் சரியாயிடும்" என்று தீர்ப்பே வழங்கிவிட்டார்.

அந்த இருவருக்கும், அவர்களைப்போல் எண்ணும் ஏனையோருக்கும் சில வார்த்தைகளைச் சொல்லக் கடமைப்பட்டுள்ளேன்.

முதலில், மறுமணத்தைத் தீர்வாகச் சொன்னவருக்கு. மறுமணம் மார்க்கம் அனுமதித்த நல்ல காரியம். அதில் எனக்கு மறுப்பில்லை. ஆனால் வீட்டுக்கு மனைவியைத் தேடுகிறீர்களா, சீப்பைத் தேடுகிறீர்களா? வரப்போகும் பெண்ணும் பிரசவத்தில் படுப்பாள், காய்ச்சலில் விழுவாள், தாய்வீடு போவாள். அப்போதெல்லாம் அந்தக் குழந்தையின் தலையை யார் வாருவது? மீண்டும் சலூனா?

அடுத்து, சிரித்தவருக்கு. அன்னை ஆயிஷா (ரலி) அவர்களிடம், நபி (ஸல்) அவர்கள் வீட்டில் என்ன செய்வார்கள் என்று வினவப்பட்டபோது, குடும்பத்தாரின் பணிகளில் ஈடுபட்டிருப்பார்கள், தொழுகை நேரம் வந்ததும் தொழுகைக்குப் புறப்பட்டுவிடுவார்கள் என்ற கருத்தில் விடையளித்தார்கள். ஸஹீஹுல் புகாரியில் இடம்பெறும் இச்செய்தியை மிம்பரில் எத்தனை முறை கேட்டிருப்போம்! கேட்டுவிட்டு வீட்டுக்குச் சென்று தண்ணீர்க் குவளைக்குக்கூடக் குரல் கொடுக்கிறோம்.

"இது பெண்களுக்கு ஒப்பாவது ஆகாதா?" என்று வேறொருவர் பின்னர் என்னிடம் மார்க்கம் பேசினார். ஆண் பெண்ணைப்போல் வேடமிடுவதையும் சாயலைப் பூணுவதையும் மார்க்கம் கண்டிக்கிறது என்பது உண்மை. பெற்ற மகளின் முடியை ஒழுங்குசெய்வது எந்த வேடம்? அந்நூர் அத்தியாயத்தின் 31வது வசனம், பெண் தன் அலங்காரத்தை மறைக்க வேண்டியதில்லாதோர் பட்டியலில் தந்தையைச் சேர்த்திருக்கிறது. இன்னும் ஒன்று. நபி (ஸல்) அவர்கள் மக்காவுக்கு வந்தபோது அவர்களது திருமுடி நான்கு பின்னல்களாக இருந்ததை உம்மு ஹானீ (ரலி) அவர்கள் அறிவித்திருப்பது திர்மிதியிலும் அபூதாவூதிலும் பதிவாகியுள்ளது. இதைக்கொண்டு ஆண்களைச் சடை வளர்க்கச் சொல்கிறேன் என்று யாரும் கிளம்பிவிட வேண்டாம். பின்னல் என்ற ஒன்றே ஆணின் கண்ணியத்தைக் கெடுத்துவிடும் என்ற எண்ணத்துக்கு நம் மார்க்கத்தில் வேரில்லை என்கிறேன்.

மதரஸாவில் குளிப்பின் பாடம் நடத்தும்போது உம்மு ஸலமா (ரலி) அவர்களின் ஹதீஸைத் தவறாமல் சொல்லிக்கொடுக்கிறோம். தாம் சடையை இறுக்கிப் பின்னுவதாகவும், கடமையான குளிப்புக்கு அதை அவிழ்க்க வேண்டுமா என்றும் அவர்கள் கேட்டார்கள். மூன்று முறை கையளவு நீரைத் தலையில் ஊற்றினால் போதும் என்று நபி (ஸல்) அவர்கள் இலகுவாக்கிக் கொடுத்தார்கள். இருபது ஆண்டுகளாக நான் இந்தப் பாடத்தை நடத்துகிறேன். சடை எப்படி இறுகும், எப்படித் தளரும் என்பது மூன்றாண்டுகளுக்கு முன்புவரை எனக்குத் தெரியாது.

அந்த ஆண்டு என் மனைவி வழுக்கி விழுந்து வலது மணிக்கட்டு முறிந்தது. ஆறு வாரம் மாவுக்கட்டு. மகள் இரண்டாம் வகுப்பு. முதல்நாள் காலை நாற்பது நிமிடம் போராடினேன்; பள்ளி வேன் போயேவிட்டது. ஒரு சடை காதருகிலும் மற்றொன்று பிடரியிலும் முளைத்திருந்தது. பள்ளி முதல் மணி அடிப்பதற்குள் ஒன்று அவிழ்ந்துவிட்டதாம். "அத்தா, நாளைக்கு லீவு போட்டுக்கவா?" என்று பிள்ளை கேட்டபோது எனக்குச் சிரிப்பு வரவில்லை.

என் பிழைகளை மனைவி நாற்காலியில் அமர்ந்தபடி ஒவ்வொன்றாகத் திருத்தினார். நான் உச்சியிலிருந்து சீப்பை இழுத்தேன். சிக்கு கீழே திரண்டு பிள்ளை அலறியது. நுனியிலிருந்துதான் தொடங்க வேண்டும். சிக்குக்கு மேலே முடியை ஒரு கையால் இறுகப் பிடித்துக்கொண்டால் இழுப்பு வேருக்கு எட்டாது. பல் அகன்ற சீப்பே நல்லது. ஈரமுடி எளிதில் அறுந்துவிடும், அவசரம் ஆகாது. சீப்பின் முனையால் நெற்றியிலிருந்து பிடரிவரை நேர்வகிடு எடுத்து, ஒரு பாதியை ரப்பர் வளையத்தால் ஒதுக்கிவிட்டு மறுபாதியை எடுக்க வேண்டும்.

பின்னல் என்பது பார்க்கத்தான் மாயம். மூன்று சம கற்றைகள். வலப்பக்கக் கற்றையை நடுக்கற்றையின் மேலாகக் கொண்டு வந்தால் அது நடுவாகிவிடுகிறது. பிறகு இடப்பக்கக் கற்றையை அந்த நடுவின் மேலாக. அவ்வளவுதான், நுனிவரை இதே. கற்றை ஒன்று பருத்து ஒன்று மெலிந்தால் சடை கோணும். ஒவ்வொரு மடிப்பிலும் மூன்றையும் ஒரே அளவில் இழுத்துவிட வேண்டும். என் கை தலையிலிருந்து விலகி விலகிப் போனதால்தான் சடை தொளதொளத்தது. கையைத் தலையோடு ஒட்டி வைத்துத் தொடங்கியதும் பாதிக் குறை தீர்ந்தது. அதற்காக வேரில் இறுக்கிவிடவும் கூடாது. நெற்றியோரத்துத் தோல் இழுபட்டால் பிள்ளைக்குத் தலைவலி. நாள்தோறும் அப்படி இழுத்தால் அவ்விடத்து முடியே உதிர்ந்துபோகும். ரிப்பனை நுனியில் மட்டும் கட்டாமல், கடைசி ஒரு சாண் தூரத்துக்குக் கற்றையோடு சேர்த்துப் பின்னி, மேலே மடித்து முடிச்சிட்டால் மாலைவரை நிற்கும்.

பத்தாவது நாள் பன்னிரண்டு நிமிடத்தில் முடித்தேன். அந்தப் பன்னிரண்டு நிமிடத்தில் என் மகள் என்னிடம் சொன்ன செய்திகளை அதற்கு முந்தைய இரண்டாண்டுகளில் சொன்னதில்லை. எந்தத் தோழி பேசுவதில்லை, எந்த ஆசிரியையைக் கண்டால் பயம், எந்தச் சூரா மறந்துபோகிறது எல்லாம். முகத்துக்கு முகம் பார்க்காமல் அமர்ந்தால் பிள்ளைகள் பேசுவார்கள் போலும். மனைவியின் கை குணமான பின்னும் வெள்ளிக்கிழமைச் சடை இன்றுவரை என் பொறுப்பு, அல்ஹம்துலில்லாஹ்.

சலூனுக்குப் போன அந்தச் சிறுமியை எண்ணும்போதெல்லாம் ஒரு செய்தி என் நெஞ்சில் வந்து நிற்கிறது. நபி (ஸல்) அவர்களின் மகளார் ஸைனப் (ரலி) அவர்கள் ஹிஜ்ரி 8ஆம் ஆண்டில் மறைந்தார்கள். ஜனாஸாவைக் குளிப்பாட்டிய உம்மு அதிய்யா (ரலி) அவர்களும் உடனிருந்த பெண்களும் அவர்களது முடியை மூன்று சடைகளாகப் பின்னிப் பின்புறம் விட்டார்கள். மறைந்த மகளின் முடிக்கே இத்தனை பேணுதல். அந்த ஸைனபின் மகள்தான் உமாமா. நபி (ஸல்) அவர்கள் தொழுகையில் தோளில் சுமந்து, ஸுஜூதில் இறக்கிவைத்து, எழும்போது மீண்டும் தூக்கிக்கொண்டார்களே, அதே குழந்தை. ஸஹாபாக்கள் அனைவரும் பார்த்துக்கொண்டிருக்க நடந்தது அது.

முடியை வெட்டுவது ஹராம் என்று நான் ஃபத்வா கொடுக்கவில்லை. பேன் தொல்லைக்கு வெட்டலாம், நோய்க்கு வெட்டலாம், பிள்ளையே விரும்பினால் குறைத்துக்கொள்ளலாம். தாயை இழந்த பிள்ளையிடமிருந்து, அவள் அழ அழ, தாய் எண்ணெய் தேய்த்து வளர்த்த முடியையும் எடுத்துவிட்டு, அதற்குக் காரணம் "நான் ஆண்" என்று சொல்வதைத்தான் ஏற்க முடியவில்லை. அந்தச் சொல்லை அவருக்குக் கற்றுக்கொடுத்தவர்கள் நாம்.

சிறுமியின் அத்தாவை நான் விடவில்லை. முடி மாதத்துக்கு ஏறத்தாழ ஒரு சென்டிமீட்டர்தான் வளரும். சடைக்கு ஓராண்டுக்கு மேல் ஆகும். அதுவரை காத்திருப்பானேன் என்று மக்தபின் ஜன்னல் கம்பியில் மூன்று நிறக் கயிறுகளைக் கட்டிவைத்தேன். கடை மூடிவிட்டு இஷாவுக்குப் பின் வந்து கால்மணி நேரம் பழகுகிறார். இரண்டாம் வாரத்தில் வேறு இரு தந்தையரும் வந்து சேர்ந்துகொண்டார்கள். ஒருவருடைய மனைவிக்கு இரவுப்பணி. சிரித்த பெரியவருக்கும் ஆள் அனுப்பினேன், இன்னும் வரவில்லை.

சென்ற வியாழனன்று அவர் பின்னிய பின்னல் இன்னும் அந்தக் கம்பியில்தான் தொங்குகிறது. நடுவில் சற்றுக் கோணல். அதை அவிழ்க்கக் கூடாது என்று அவருடைய மகள் மற்றப் பிள்ளைகளிடம் கண்டிப்பாகச் சொல்லியிருக்கிறாள்.

வஸ்ஸலாம்.