விற்றது யார்?

ஆம்பூரில் தைத்த ஒரு ஜோடி ஷூ ஐரோப்பாவுக்குக் கப்பலேறும் முன் பையர் கேட்கும் கேள்விகள் கொஞ்சநஞ்சமல்ல. தோல் எந்த டேனரியில் பதனிடப்பட்டது, எந்தச் சாயம் ஏற்றினார்கள், கழிவுநீர் எங்கே போனது, ஆய்வகச் சான்று எங்கே? 1989 இறுதியில் ஜெர்மனி பென்டாகுளோரோபினாலுக்குத் தடை போட்டது. 1994இல் சில அசோ சாயங்களுக்கும் போட்டது. வாணியம்பாடியிலும் பேர்ணாம்பட்டிலும் இராணிப்பேட்டையிலும் பழகிய இரசாயனங்களைக் கைவிட்டுப் புதியவற்றுக்கு மாற வேண்டியிருந்தது. டேனரிக்காரர்கள் ‘குரோம் சிக்ஸ்’ என்று சொல்லும் நச்சுக் குரோமியம், உடலில் படும் தோல் பொருளில் கிலோவுக்கு 3 மில்லிகிராமைத் தொட்டாலே 2015 மே மாதத்திலிருந்து ஐரோப்பிய ஒன்றியத்தில் விற்க முடியாது. நம் தொழிலுக்கு இவை சுமைதான். ஆனாலும் நியாயமான சுமை. பொருள் யார் கையிலிருந்து வந்தது என்று அறிவது வாங்குகிறவரின் உரிமை.

அதே உரிமை, இணையத்தில் மடிக்கணினி வாங்கும் காட்பாடி மாணவருக்கும் உண்டு. ஷூ கம்பெனியில் வேலைபார்த்து மகளின் பாலிடெக்னிக் படிப்புக்குக் கணினி வாங்கக் காசு சேர்க்கும் ஆம்பூர்த் தாய்க்கும் உண்டு. அவர்களுக்கு அது கிடைப்பதில்லை என்பதே நம் குற்றச்சாட்டு.

2 டிபி என்று எழுதிய எஸ்எஸ்டி ஆயிரம் ரூபாய்க்குக் கிடைக்கிறது. செருகிப் பார்த்தால் கணினியும் 2 டிபி என்றே காட்டும். உள்ளே இருப்பதோ சில பத்து ஜிபி மெமரி. கணினியை ஏமாற்றவென்றே ஃபர்ம்வேரைத் திருத்தியிருக்கிறார்கள். உண்மையான கொள்ளளவு நிரம்பியதும் புதிய கோப்பு பழைய கோப்பை அழித்துக்கொண்டு உட்காரும். ஒரு ஜாப் ஒர்க் யூனிட்டின் ஜிஎஸ்டி கணக்கும் ஷூ பேட்டர்ன்களும் அப்படிப் போனால், நட்டம் ஆயிரம் ரூபாயோடு நிற்காது. பெரிய அலுவலகங்கள் கழித்துவிட்ட மடிக்கணினிகள் புதிய பெட்டியில் வருகின்றன. 2022 செப்டம்பரில் எதிரியம் மைனிங்கைக் கைவிட்டபின், இரவுபகலாக ஓடித் தேய்ந்த கிராபிக்ஸ் கார்டுகள் உலகெங்கும் பழைய பொருள் சந்தையில் குவிந்தன; துடைத்துப் புதிது என்று விற்றவர்களும் உண்டு. பழையதைப் பழையது என்று சொல்லி விற்பதில் தவறில்லை, வசதியில்லாத மாணவருக்கு அது நல்ல வழியும்கூட. புதிது என்று சொல்லி விற்பது திருட்டு. அதே ஆண்டு தீபாவளி விற்பனையில் மங்களூர்க்காரர் ஒருவர் கேமிங் லேப்டாப் கேட்டார்; வந்த பெட்டியில் கல்லும் பழைய கணினிக் கழிவும் இருந்தன. படங்களோடு அவர் வெளியே சொன்னபின் பணம் திரும்பியது. அப்படி வெளியே சொல்லத் தெரியாத வீடுகளைப் பற்றியே நமக்குக் கவலை.

போலியை அனுப்பியவர் குற்றவாளி; அதில் பேச்சில்லை. ஆனால் கடை விரித்து, விளம்பரம் செய்து, பணத்தை வாங்கி, கமிஷனை எடுத்துக்கொண்டு, தன் பெயர் அச்சிட்ட பெட்டியில் பொருளை வாசலில் கொடுத்த தளம், புகார் வந்ததும் ‘நாங்கள் இடைத்தரகர் மட்டுமே’ என்று கைவிரிப்பது அறமாகாது. தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 79ஆவது பிரிவு அவர்களுக்கு ஒரு காப்பைத் தருகிறது. வெளிநாட்டு முதலீட்டில் நடக்கும் தளங்கள் சொந்தச் சரக்கு வைத்து விற்கக் கூடாது என்ற விதியும் இருக்கிறது. ஏட்டில் அவர்கள் தரகர்களாகவே இருக்கட்டும். பொருள் கிடப்பது அவர்களது கிடங்கில்தானே? 2025 மார்ச்சில் இந்தியத் தர நிர்ணய அமைவனம் திருவள்ளூர் மாவட்டத்தில் பெரிய இணைய நிறுவனங்களின் கிடங்குகளைச் சோதித்து, தரமுத்திரை இல்லாத பொருள்களைக் கைப்பற்றியது. ஆம்பூர்த் தாய் நம்பியது முன்பின் தெரியாத ஒரு விற்பனையாளரை அல்ல, தளத்தின் பெயரை. அந்த நம்பிக்கையைக் காசாக்கியவரே அது பொய்க்கும்போது ஈடு செய்ய வேண்டும்.

இந்த நியாயம் இந்த மண்ணுக்குப் புதிதல்ல. டேனரிக் கழிவால் பாலாறு கெட்டதற்காக இங்கிருந்து எழுந்த வழக்கில்தான், வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கில்தான், மாசுபடுத்தியவரே ஈடு கொடுக்க வேண்டும் என்பது இந்நாட்டுச் சட்டத்தின் பகுதி என 1996 ஆகஸ்ட் 28 அன்று உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்தது. 2025 ஜனவரி 30 தீர்ப்பும் தோல் ஆலைகளின் அந்தப் பொறுப்பை மீண்டும் உறுதி செய்தது. ஆதாயத்தைத் தான் வைத்துக்கொண்டு சேதத்தை ஊர் தலையில் கட்டக் கூடாது என்ற அந்த நீதி, இணையக் கடைக்கும் பொருந்தும்.

சட்டம் முற்றிலும் கைவிட்டுவிடவில்லை. விற்பவரின் பெயர், முகவரி, பொருள் உருவான நாடு ஆகியவற்றைக் காட்ட வேண்டும். புகாரை 48 மணி நேரத்தில் ஏற்று ஒரு மாதத்தில் தீர்க்க வேண்டும் என்கின்றன 2020ஆம் ஆண்டின் மின்வணிக விதிகள். ஏமாந்தவர் தான் வசிக்கும் மாவட்டத்திலேயே நுகர்வோர் ஆணையத்தில் வழக்குப் போடலாம். 5 லட்சம் ரூபாய் வரை கட்டணம் கிடையாது. சுயதொழிலில் பிழைப்பு நடத்தும் ஜாப் ஒர்க்காரரும் நுகர்வோரே. 1915 என்ற எண்ணில் உதவியும் கேட்கலாம். ஆனால் வழக்குப் போட பில் வேண்டும், பெட்டியின் மேல் இருக்கும் சீரியல் எண் வேண்டும். வாரண்டி தருவது உற்பத்தி நிறுவனமா, விற்றவர் மட்டுமா என்பதைப் பணம் கட்டும் முன்பே பார்த்தாக வேண்டும். ‘பில் இல்லாமல் என்றால் குறைத்துத் தருகிறேன்’ என்று சொல்லும் உள்ளூர்க் கடைக்காரரும் இந்த வகையில் தவறே செய்கிறார்: 18 சதவீத வரியைக் கழிப்பதாகச் சொல்லி வாடிக்கையாளரின் சாட்சியத்தைப் பறித்துக்கொள்கிறார்.

விற்பனையாளர் பொருளையோ சேவையையோ தரத் தவறினால் தளமே பொறுப்பேற்க வேண்டும் என்ற பிரிவை ஒன்றிய அரசு 2021 ஜூனில் வரைவாக வெளியிட்டது. அந்த வரைவு அப்படியே கிடப்பில் போனது. பெரிய வணிகர்களின் முணுமுணுப்புக்கு அரசு அஞ்சியிருக்கத் தேவையில்லை. அந்தப் பிரிவை, போலிப் பொருளையும் வெளிப்படையாகச் சேர்த்து, உடனே விதியாக்க வேண்டும். ஆம்பூரும் வாணியம்பாடியும் வேலூர் மக்களவைத் தொகுதிக்குள்தான் வருகின்றன. மின்வணிக விதியில் அந்தப் பிரிவு ஏன் இன்னும் இல்லை என்று இத்தொகுதியின் உறுப்பினர் வரும் கூட்டத்தொடரிலேயே அமைச்சரைக் கேட்க வேண்டும்.