மோட்டார் தானாக எரிவதில்லை

மோட்டார் ஓடுகிற எந்த ஊரிலும் ஒரு வசனம் உண்டு. "மோட்டார் எரிஞ்சு போச்சுங்க." மழை பெய்தது, மாடு செத்தது என்பது மாதிரி, யாருக்கும் சம்பந்தமில்லாமல் நடந்த காரியம் போலச் சொல்வார்கள். விருத்தாசலம் மாதிரி பீங்கான் ஊரில் இந்த வசனத்துக்குக் கூடுதல் வேடிக்கை ஒன்று இருக்கிறது. பீஸ் கட்டை செய்கிற ஊர் அது! அந்தக் கட்டையைப் போட்டால் மோட்டாருக்குப் பாதுகாப்பு என்று ஊரே நம்புகிறது. அந்த நம்பிக்கை தவறு. மோட்டார் எரிவதில்லை, எரிக்கப்படுகிறது.

முதலில் மோட்டாரைத் திறந்து பார்க்க வேண்டும். (பாலிடெக்னிக்கில் மூன்று வருடம் படித்து, தேர்வில் சர்க்கிள் டயகிராம் வரைந்து முழு மார்க் வாங்கியவர்களில் எத்தனை பேர் ஒரு மோட்டாரைக் கழற்றியிருப்பார்கள்? அது தனிக் கதை.) வெளியே இருப்பது ஸ்டேட்டர். மெல்லிய சிலிக்கான் எஃகுத் தகடுகளை அடுக்கி, அதன் பள்ளங்களில் செம்புக் காயில்களைச் சொருகி, வார்னிஷ் ஊற்றியிருப்பார்கள். உள்ளே இருப்பது ரோட்டார். அதுவும் தகடுகள்தான், ஆனால் அதன் பள்ளங்களில் உருக்கி ஊற்றிய அலுமினியக் கம்பிகள், இரு முனையிலும் வளையம் போட்டு ஒன்றோடொன்று சேர்த்திருக்கும். அணில் கூண்டு என்று பெயர். இந்த ரோட்டாருக்கு எந்த ஒயரும் போவதில்லை. பிரஷ் கிடையாது, கம்யூட்டேட்டர் கிடையாது. சிறிய மோட்டாரில் ஸ்டேட்டருக்கும் ரோட்டாருக்கும் நடுவே அரை மில்லிமீட்டர் கூட இல்லாத காற்று இடைவெளி மட்டும்.

பிறகு எப்படிச் சுற்றுகிறது? மூன்று பேஸ் மின்சாரம் ஒரே நேரத்தில் உச்சத்துக்கு வராது, ஒன்றன் பின் ஒன்றாக வரும். காயில்களும் அதே முறையில் இடம் மாற்றி வைக்கப்பட்டிருப்பதால், ஸ்டேட்டருக்குள் காந்தப்புலம் தானே சுற்றும். நான்கு போல் மோட்டாரில், 50 சைக்கிளில், நிமிடத்துக்கு 1500 சுற்று. அந்தப் புலம் ரோட்டார் கம்பிகளை வெட்டிப் போகும்போது அவற்றில் மின்சாரம் பிறக்கிறது. அதனால் இழுக்கப்பட்டு ரோட்டார் பின்னாலேயே ஓடுகிறது. ஓடும், ஆனால் எட்டிப் பிடிக்காது. பிடித்துவிட்டால் வெட்டுதல் நின்றுவிடும், மின்சாரமும் போய்விடும். அதனால்தான் மோட்டார் தகட்டில் 1440 என்று அடித்திருக்கிறார்கள். அந்த அறுபது சுற்றுப் பின்தங்கல்தான் வேலை செய்கிறது. 1888ல் டெஸ்லா காப்புரிமை வாங்கியதும், 1889ல் டொப்ரொவோல்ஸ்கி மூன்று பேஸில் கூண்டு ரோட்டார் செய்ததும் இதைத்தான். 1937ல் கோயம்புத்தூரில் ஜி.டி. நாயுடுவின் பட்டறையில் மோட்டார் தயாரானதும் இதே கொள்கையில்தான். இத்தனை வருடம் ஆகியும் அடிப்படை மாறவில்லை. அவ்வளவு எளிமையான பொருள், பேரிங்கைத் தவிர உரசித் தேய எதுவுமே இல்லாத பொருள், வருடத்துக்கு இரண்டு முறை எரிகிறது என்றால் யார் மேல் குற்றம்?

கணக்குப் போட்டுப் பாருங்கள். களிமண் பிசைகிற பக் மில்லில் ஒரு 5 எச்.பி. மோட்டார். முழு லோடில் சுமார் 7.5 ஆம்பியர் இழுக்கும். ஸ்டார்ட் ஆகும் சில நொடிகள் அதைப் போல ஆறு மடங்கு, 45 ஆம்பியர். அதைத் தாங்க வேண்டும் என்று பீஸ் ஒயரை 20 ஆம்பியருக்குப் போடுகிறார்கள். (பல இடங்களில் இருக்கிற ஒயரை முறுக்கி இரண்டு இழையாகச் சொருகுவார்கள், அதற்குக் கணக்கே கிடையாது.) இப்போது ஒரு பேஸில் மட்டும் பீஸ் போகிறது. ஓடிக்கொண்டிருக்கும் மோட்டார் நிற்காது! மீதி இரண்டு பேஸில் 1.73 மடங்கு, அதாவது 13 ஆம்பியர் இழுத்துக்கொண்டு முனகியபடி ஓடும். 20 ஆம்பியர் பீஸுக்கு 13 ஆம்பியர் ஒரு பொருட்டே இல்லை. காயிலுக்கு அது மரணம். சூடு மின்சாரத்தின் வர்க்கத்தில் ஏறும், மூன்று மடங்கு. காயிலின் இன்சுலேஷன் வெப்பம் 10 டிகிரி கூடினாலே அதன் ஆயுள் ஏறத்தாழ பாதியாகும்.

ஆக, பீஸ் கட்டை காப்பாற்றுவது ஷார்ட் சர்க்யூட்டிலிருந்து ஒயரையும் கட்டடத்தையும். மோட்டாரை அல்ல. மோட்டாரைக் கொல்கிற சிங்கிள் பேசிங்கை உண்டாக்குவதே பல நேரம் போன பீஸ்தான். கட்டையைச் செய்கிற பீங்கான் தொழிலாளி மேல் இதில் எந்தத் தவறும் இல்லை. அந்த வேலைக்கு அது நல்ல பொருள்.

மோட்டாரைக் காப்பது ஓவர்லோடு ரிலே. 7.5ல் சரியாக வைத்திருந்தால் 13 ஆம்பியரைப் பார்த்துச் சில நிமிடத்தில் வெட்டிவிடும். ஆனால் என்ன செய்கிறார்கள்? "அடிக்கடி ட்ரிப் ஆகுது" என்று ஸ்க்ரூ டிரைவரை எடுத்து ரிலேயை உச்சத்துக்குத் திருகிவிடுகிறார்கள். காய்ச்சல் காட்டுகிறது என்று தெர்மாமீட்டரை உடைப்பது மாதிரி! டெல்டா மோட்டார் பாதி லோடில் ஓடும்போது ரிலேயும் ஏமாறும், ஒயரில் மின்சாரம் அளவோடு இருக்க உள்ளே ஒரு காயில் மட்டும் சூடாகும். அதனால் சிங்கிள் பேசிங் பிரிவென்டரும் வேண்டும்.

"வோல்டேஜ் சரியில்லை, அதான் எரிஞ்சது" என்பது அடுத்த சாக்கு. இதில் பாதி உண்மை இருக்கிறது. இழுவிசை வோல்டேஜின் வர்க்கத்தைப் பொறுத்தது. 415 இருக்க வேண்டிய இடத்தில் 350 வந்தால் விசை முப்பது சதவீதம் போல் குறையும், மோட்டார் இன்னும் பின்தங்கும், அதிக ஆம்பியர் இழுக்கும். கல்லும் குவார்ட்ஸும் அடியில் படுத்திருக்கும் பால் மில்லை அப்போது ஸ்டாரில் போட்டால், ஸ்டாரில் விசை ஏற்கெனவே மூன்றில் ஒரு பங்குதான், நகராது. நகரும் வரை பிடித்துக்கொண்டு நிற்பது மின்வாரியத்தின் தவறா? ஃபின் மேல் களிமண் காய்ந்து அப்பிக்கொண்டு விசிறிக் காற்றே படாமல் இருப்பதும் மின்வாரியத்தின் தவறா?

சிறு தொழில், ரிலேக்கும் பிரிவென்டருக்கும் காசு ஏது என்பார்கள். ஒவ்வொரு முறையும் காயில் கட்டக் கொடுக்கும் காசு எங்கிருந்து வருகிறது? மோட்டார் நின்ற நேரத்தில் பால் மில்லுக்குள் அடியில் படிந்து இறுகும் கலவையின் விலை என்ன? பழைய காயிலை எடுக்கத் தீ வைத்துச் சுடும் பட்டறையில் ஸ்டேட்டர் தகடுகளின் இன்சுலேஷனும் கெடுகிறது. அதன் பிறகு அந்த மோட்டார் ஓடும் ஒவ்வொரு மணி நேரமும் கரண்ட் பில்லில் அபராதம் கட்டுகிறது.

யார் எரித்தது என்பதற்குச் சாட்சி காயிலிலேயே இருக்கிறது. அடுத்த முறை மோட்டாரைத் திறக்கும்போது ரீவைண்டிங் கடையில் கூடவே நின்று பாருங்கள். எல்லாக் காயிலும் ஒரே மாதிரி கருகியிருந்தால் ஓவர்லோடு, அல்லது காற்றோட்டம் இல்லை. ஸ்டார் மோட்டாரில் இரண்டு பேஸ் கருகி ஒன்று புதிது போல் பளபளத்தால், அல்லது டெல்டாவில் ஒரே ஒரு பேஸ் மட்டும் கருகியிருந்தால், சிங்கிள் பேசிங். காயில் கட்டுபவருக்கு இது பார்த்தவுடன் தெரியும். அவரிடம் யாரும் கேட்பதில்லை, "எவ்வளவு ஆகும், எப்போ தருவீங்க" என்பதைத் தவிர.